தேனி மாவட்ட மலைப்பயணமும் பருவகாலங்களும்

தேனி மாவட்டத்தின் மலைப்பகுதிகளுக்குச் செல்வோர், செல்லும் இடத்தைப் போலவே செல்லும் மாதத்தையும் நாளையும் வேளையையும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். மேகமலை, குரங்கணி, கொழுக்குமலை, போடிமெட்டு, சுருளி அருவி, கும்பக்கரை அருவி, மங்கலதேவி கண்ணகி கோயில் ஆகியவை இம்மாவட்டத்திலும் அதன் எல்லையிலும் மக்கள் அதிகம் செல்லும் மலை இடங்கள் ஆகும். உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களிலிருந்து இவற்றுள் பல இடங்களுக்கு ஒரே நாளில் சென்று திரும்பலாம். தூரம் குறைவு என்பதாலேயே பலர் முன்னேற்பாடு இன்றிக் கிளம்பிவிடுகின்றனர். ஆனால் ஒரே மலைச்சரிவு தை மாதத்தில் இனிய நடைபாதையாகவும், பங்குனியில் தீப்பிடிக்கும் புல்வெளியாகவும், ஐப்பசியில் மண்சரியும் இடமாகவும் மாறிவிடுகிறது. 2018 மார்ச் மாதம் குரங்கணி மலையில் நிகழ்ந்த காட்டுத்தீ இந்த உண்மையைத் தமிழ்நாட்டுக்குப் பெரும் விலையில் உணர்த்தியது.

நில அமைப்பு

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு கிளைகளுக்கு நடுவே அமைந்துள்ளது. மேற்கே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தை ஒட்டிய ஏலமலைத் தொடர் நிற்கிறது. கிழக்கிலும் தென்கிழக்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகள் உள்ளன. தெற்கே பெரியாறு மேட்டுநிலம் உள்ளது. வடகிழக்குத் திசையில் மட்டும் பள்ளத்தாக்கு தேனியை நோக்கித் திறந்து கிடக்கிறது. முல்லைப்பெரியாறும் சுருளியாறும் இதன் நீர்வளத்துக்கு ஆதாரம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீர் சுரங்க வழியாக மலையைக் கடந்து இப்பள்ளத்தாக்கை அடைகிறது.

பள்ளத்தாக்கின் தரைமட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர். மேகமலையின் தேயிலைத் தோட்டங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும், கொழுக்குமலை 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலும் உள்ளன. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகிறது. இக்கணக்கின்படி உத்தமபாளையத்தில் 30 பாகை இருக்கும் வேளையில் மேகமலையில் ஏறத்தாழ 23 பாகையும் கொழுக்குமலையில் 20 பாகைக்குக் குறைவாகவும் இருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடல் உணரும் குளிர் இன்னும் அதிகம். கீழே புழுக்கமாக இருக்கிறது என்று மெல்லிய ஆடையுடன் மேலே செல்பவர் நடுங்கிப்போவது இதனால்தான்.

இரு பருவமழைகளின் மலை

சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, கேரளப் பக்கத்தில் பெருமழையாகக் கொட்டுகிறது. மலையைக் கடந்து கீழிறங்கும் காற்று வெப்பமடைந்து வறண்டுவிடுவதால் கம்பம் பள்ளத்தாக்கின் தரைப்பகுதி மழைமறைவுப் பகுதியாகிறது. ஆனால் மலைமுகடுகளின் நிலை வேறு. அங்கே முகிலும் சாரலும் நாள்கணக்கில் நீடிக்கும். உத்தமபாளையத்தில் வெயில் அடிக்கும் அதே நேரத்தில் மேகமலையில் பத்தடி தொலைவு கூடத் தெரியாமல் போகலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. இக்காலத்தில் வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பள்ளத்தாக்கின் திறந்த பக்கத்திலிருந்து நுழைகிறது. தரைப்பகுதிக்கும் மலையின் கிழக்குச் சரிவுகளுக்கும் மழை கிடைப்பது பெரும்பாலும் இக்காலத்தில்தான். ஆக, பள்ளத்தாக்கின் மக்கள் ஒரு மழைக்காலத்தையே பெரிதாக அறிந்திருக்க, அவர்கள் தலைக்கு மேல் உள்ள மலை இரண்டு மழைக்காலங்களைப் பெறுகிறது. வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து மலைப்பயணத்தை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

பருவந்தோறும் மலையின் நிலை

மார்கழி, தை (டிசம்பர் நடு முதல் பிப்ரவரி நடு வரை): மழை ஓய்ந்து, புல் இன்னும் பச்சை மாறாமல் இருக்கும் காலம். காற்றில் தூசி குறைவாக இருப்பதால் முகடுகளிலிருந்து வைகை அணை வரையிலான சமவெளி தெளிவாகத் தெரியும். கொழுக்குமலையில் கீழே முகிற்படலமும் மேலே கதிரவன் எழுச்சியும் காணக் கூட்டம் வருவது இக்காலத்தில்தான். நடைப்பயணத்துக்கு மிக ஏற்ற காலமும் இதுவே. எனினும் விடியற்காலைக் குளிரும் மூடுபனியும் கவனத்துக்குரியவை. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளும், சின்னமனூரிலிருந்து மேகமலை செல்லும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளன. மூடுபனியில் இவற்றில் வண்டி ஓட்டுவது அனுபவமுள்ளோருக்கே கடினம்.

மாசி, பங்குனி (பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் நடு வரை): மழையின்றி இரண்டு மாதங்கள் கடந்திருக்கும். ஆளுயரம் வளர்ந்த புல் காய்ந்து சருகாகிவிடும். இலையுதிர் மரங்களின் சருகும் தரையில் மெத்தை போல் கிடக்கும். இதுவே தீக்காலம். வானம் தெளிந்திருப்பதாலும் மழை பயம் இல்லாததாலும் வெளியூர்க்காரருக்கு இது நல்ல காலமாகத் தோன்றும். உண்மையில் புல்வெளிச் சரிவுகளுக்கு ஆண்டிலேயே மிக ஆபத்தான காலம் இது.

சித்திரை, வைகாசி (ஏப்ரல் நடு முதல் சூன் நடு வரை): முற்பகலில் வெயில், பிற்பகலில் இடியுடன் கூடிய கோடைமழை என்பது இக்காலத்தின் இயல்பு. வெயிலில் சூடேறிய காற்று மலைச்சரிவில் மேலெழுந்து நண்பகலுக்குப் பின் இடிமுகிலாகத் திரள்கிறது. ஆகவே காலையில் ஏறி நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்குவதே முறை. சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் மக்கள் வழிபடத் திறக்கப்படும் மங்கலதேவி கண்ணகி கோயில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. கூடலூர் அருகிலுள்ள பளியன்குடியிலிருந்து மக்கள் நடந்து ஏறுகின்றனர். குமுளி வழியாக வண்டியில் செல்வோரும் உண்டு. அதிகாலையில் ஏறத் தொடங்கிப் பொழுது சாயுமுன் அனைவரும் இறங்கிவிட வேண்டும் என்ற ஏற்பாடு, இக்காலத்துப் பிற்பகல் மழைக்கும் இரவில் நடமாடும் விலங்குகளுக்கும் பொருந்துவதாக அமைந்துள்ளது.

ஆனி முதல் புரட்டாசி வரை (சூன் நடு முதல் அக்டோபர் நடு வரை): காற்றின் காலம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இங்கே வெறும் அணிநயம் அன்று. கம்பம் கணவாய் தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்கு ஏற்ற நான்கு கணவாய்களுள் ஒன்று. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவை ஏனையவை. கணவாயின் குறுகலில் நெருக்கப்படும் காற்று வேகம் பெறுகிறது. முகடுகளில் கூடாரம் அடிப்பதும், பாறை விளிம்பில் நின்று படம் எடுப்பதும் இக்காலத்தில் உயிருக்கு உலை வைக்கும் செயல்கள். ஈரக்காடுகளில் அட்டைக்கடி மிகுதி. நனைந்த ஆடையுடன் காற்றில் நிற்பவரின் உடல்வெப்பம் வேகமாகக் குறைந்து, பேச்சுக் குழறல், தடுமாற்றம், மயக்கம் என உடல்தளர்ச்சி ஏற்படலாம்.

ஐப்பசி, கார்த்திகை (அக்டோபர் நடு முதல் டிசம்பர் நடு வரை): அடைமழைக் காலம். மண் நீரில் ஊறிப் பாறையிலிருந்து வழுகி இறங்குவதால் குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளில் மரங்கள் சாய்வதும் பாறைகள் உருள்வதும் உண்டு. அருவிகளில் திடீர் வெள்ளம் வரும். வனத்துறை சுருளி, கும்பக்கரை அருவிகளில் குளிக்கத் தடை விதிப்பதும் தளர்த்துவதும் இக்காலத்தில் அடிக்கடி நிகழும். நடைப்பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

திடீர் வெள்ளம்

பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவியில் குளிப்பவரின் தலைக்கு மேல் நீலவானம் இருக்கலாம். ஆனால் அங்கு வரும் நீர் கொடைக்கானல் மலையில் பெய்த மழையின் நீர். மேலே பெய்த கனமழை சிறிது நேரத்தில் கீழே வந்து சேர்ந்துவிடும். எனவே அருவிக்குச் செல்வோர் அருவி இருக்கும் ஊரின் வானிலையை விட அதன் நீர்ப்பிடிப்பு மலையின் வானிலையைக் கேட்டறிய வேண்டும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் குச்சியும் மிதந்து வருதல், மேலிருந்து உறுமல் போன்ற ஓசை கேட்டல் ஆகியவை வெள்ளம் வருவதற்கான அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடைமைகளைத் தேடாமல் கரையேற வேண்டும். வருசநாட்டு மலைக்கு அப்பால் உள்ள சதுரகிரியில் 2015 மே மாதம், கோடைக்காலத்தின் நடுவில், ஓடையில் வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். மழைக்காலம் அல்ல என்பது ஓடையைக் கடப்பதற்குப் போதிய உத்தரவாதம் ஆகாது.

1924 சூலை மாதம் பெய்த பெருமழை இதைவிடப் பெரிய சான்று. மூணாறு தேயிலையைக் குண்டளை பள்ளத்தாக்கு இரயில் டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து கம்பிவட வழியாக அது குரங்கணி அருகேயுள்ள கொட்டகுடிக்கு இறக்கப்பட்டது. அவ்வெள்ளத்தில் இரயில் பாதை அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. இன்று டாப் ஸ்டேஷன் என்ற பெயரில் மட்டும் அந்த நிலையம் வாழ்கிறது.

2018 குரங்கணிக் காட்டுத்தீ

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்த இரு மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. பெண்களும் இளைஞர்களும் குழுக்களில் மிகுதி. பிற்பகலில் காய்ந்த புல்வெளியில் தீ பரவியது. காற்று வேகமாக வீசியது. புகையில் வழி தெரியாமல் சிதறி ஓடியவர்களுள் பலர் பாறைப் பள்ளங்களில் விழுந்தனர். குரங்கணி ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் வனத்துறையினரும் முதலில் மலையேறிச் சென்று காயம்பட்டோரைத் தூக்கி வந்தனர். இந்திய விமானப்படையின் உலங்கு வானூர்திகளும் கருடப் பிரிவினரும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். நிகழ்விடத்திலேயே ஒன்பது பேர் இறந்தனர். தீக்காயங்களுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களும் அடுத்தடுத்த நாள்களில் உயிரிழக்க, இறந்தோர் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் வழிக்கு மட்டுமே அனுமதிச்சீட்டு வழங்கப்படுவதாகவும், கொழுக்குமலை வழிக்கு அனுமதி இல்லை என்றும் அரசுத் தரப்பில் கூறப்பட்டது. நிகழ்வை விசாரிக்க அதுல்ய மிஸ்ரா இ.ஆ.ப. தலைமையில் தமிழ்நாடு அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அதே ஆண்டில் வனப்பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளையும் அரசு வகுத்தது.

அனுமதி பற்றிய கேள்வி ஒருபுறம் இருக்க, மாதம் பற்றிய கேள்வியும் அதே அளவு முக்கியமானது. அதே குழுக்கள் அதே பாதையில் இரண்டு மாதங்கள் முன்னதாகச் சென்றிருந்தால், புல் ஈரமாக இருந்திருக்கும். தீ அவ்வளவு விரைவாகப் பரவியிருக்க வாய்ப்பு குறைவு. பங்குனிக்கு முந்தைய வறட்சியும், பிற்பகல் வேளையும், காற்றும், சரிவும் ஒன்றுசேர்ந்ததே பேரிழப்பாயிற்று.

சரிவில் தீ எவ்வாறு பரவுகிறது

சமதரையில் எரியும் தீயின் பிழம்பு நேராக மேலே எழுகிறது. மலைச்சரிவில் எரியும் தீயின் பிழம்போ மேற்பக்கத்துப் புல்லை நோக்கிச் சாய்ந்திருக்கும். அப்புல் தீ தொடுமுன்னரே சூடாகி உலர்ந்துவிடுவதால் எளிதில் பற்றிக்கொள்கிறது. சரிவு 10 பாகை கூடுந்தோறும் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் பயன்படுத்தும் பொதுக்கணக்கு. சமதரையில் உள்ளதைப் போல 20 பாகைச் சரிவில் நான்கு மடங்கும், 30 பாகைச் சரிவில் எட்டு மடங்கும் வேகம் இருக்கும். மனிதர் நிலை இதற்கு நேர்மாறு. சரிவு கூடக்கூட ஏறும் வேகம் குறையும். எனவே தீயைவிட வேகமாக மேல்நோக்கி ஓடித் தப்புவது இயலாத செயல்.

பகலில் சூடேறும் மலைச்சரிவின் வழியே காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். இரவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். பிற்பகலில் மேல்நோக்கிய காற்று வலுவாக இருப்பதால் சரிவும் காற்றும் சேர்ந்து தீயை உந்துகின்றன. குறுகிய ஓடைப் பள்ளங்கள் புகைபோக்கி போலச் செயல்பட்டு அனலை மேலே இழுப்பதால் அவற்றில் ஒளிவதும் ஆபத்து.

தீயைக் கண்டவர் அதன் மேற்பக்கத்திலிருந்து விலகிப் பக்கவாட்டில், புல் இல்லாத பாறைத்தளம், ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலம், தேயிலைத் தோட்டம், சாலை, நீர்நிலை ஆகியவற்றுள் அருகில் உள்ளதை நோக்கிச் செல்ல வேண்டும். செயற்கை இழை ஆடைகள் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தீக்காலத்தில் காட்டோரம் செல்வோர் முழுநீளப் பருத்தி ஆடை அணிவது நல்லது. குழு சிதறாமல் இருப்பதும், வழிகாட்டியின் சொற்படி நடப்பதும் உயிர் காக்கும்.

விதிகளும் அனுமதியும்

மேகமலைக் காட்டுயிர் சரணாலயமும் திருவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயமும் இணைக்கப்பட்டு, 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். ஆகவே சாலையை விட்டு விலகி இம்மலைகளில் நடப்பதற்கு வனத்துறையின் அனுமதி தேவை. மேகமலைச் சாலையில் தென்பழனியில் சோதனைச்சாவடி உள்ளது. இரவுப் பயணத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. காட்டுமாடும் யானையும் சாலையைக் கடக்கும் இடம் அது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டுயானை மேகமலைப் பகுதிக்கும் பின்னர் கம்பம் நகருக்கும் வந்தபோது சுற்றுலாப் பயணிகள் மேகமலைக்குச் செல்ல வாரக்கணக்கில் தடை இருந்தது. இத்தகைய தடைகள் முன்னறிவிப்பின்றி வரக்கூடும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தி, இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. தேனி மாவட்டத்தின் குரங்கணி - சாம்பலாறு, சின்னச்சுருளி - தென்பழனி பாதைகள் அவற்றுள் அடங்கும். பழங்குடி இளைஞர்களும் காட்டோர ஊர்களின் இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகச் செல்கின்றனர். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலத்தை முன்னிட்டு இப்பாதைகள் மூடப்பட்டன. குரங்கணியில் உயிரிழந்தோர் நடந்த மார்ச் மாதம் இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது.

முன்னறிவிப்பை வாசிக்கும் முறை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மண்டல மையம் மாவட்டவாரியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறது. பச்சை நிறம் எச்சரிக்கை இல்லை என்பதையும், மஞ்சள் கவனித்திருக்க வேண்டும் என்பதையும், ஆரஞ்சு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதையும், சிவப்பு உடன் நடவடிக்கை தேவை என்பதையும் குறிக்கும். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை.

தேனி மலைகளுக்குச் செல்வோர் தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும். முகடு இரண்டுக்கும் பொது. கொழுக்குமலைக்கு வண்டி செல்லும் வழியும் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே உள்ளது. அங்கிருந்து ஜீப்பில்தான் செல்ல முடியும். தென்மேற்குப் பருவக்காலத்தில் தேனிக்குப் பச்சையும் இடுக்கிக்கு ஆரஞ்சும் இருப்பது உண்டு. அப்போது இடுக்கியின் நிறத்தையே பயணத்துக்கு உரியதாகக் கொள்ள வேண்டும். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலி பயன்படும். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் இடிமுகில் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் உள்ளது என்று பொருள். உடனே முகட்டையும் தனிமரத்தையும் விட்டு விலகி, கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக்கூடாது.

நேரக் கணக்கு

1892இல் இசுக்காட்லாந்து மலையேறியான வில்லியம் நைசுமித் ஓர் எளிய கணக்கை வகுத்தார். அதை மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 8 கிலோமீட்டர் பாதையில் 900 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று கொள்வோம். தூரத்துக்கு 1 மணி 36 நிமிடமும் உயரத்துக்கு 1 மணி 30 நிமிடமும் சேர்த்து 3 மணி 6 நிமிடம் ஆகும். இது பழக்கமுள்ளவர் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. மாணவர்களும் முதன்முறை ஏறுவோரும் அடங்கிய குழுவுக்கு இதை இரட்டிப்பாக்கி ஆறு மணி நேரம் எனக் கொள்வதே பாதுகாப்பு. காலை 6 மணிக்குத் தொடங்கினால் நண்பகலில் மேலே சேரலாம். பத்து மணிக்குத் தொடங்கினால் மாலை நான்கு மணி ஆகிவிடும். அதன்பின் இறங்குவதற்குப் பகல் போதாது.

தேனிப் பகுதியில் டிசம்பரில் கதிரவன் மறைவது ஏறத்தாழ மாலை 6 மணி. சூன் இறுதியில் ஏறத்தாழ 6.40. ஆனால் பள்ளத்தாக்கின் மேற்கே மலைத்தொடர் நிற்பதால் அதன் அடிவாரத்திலும் கிழக்குச் சரிவிலும் வெயில் அதற்கு வெகுமுன்பே மறைந்துவிடும். நாள்காட்டியில் உள்ள நேரத்தை நம்பாமல் ஒரு மணி நேரமாவது குறைத்துக்கொள்வது நலம். எந்த இடத்தில் இருந்தாலும் இந்த நேரத்துக்குத் திரும்பிவிடுவோம் என்று ஒரு மணியைக் கிளம்பும் முன்பே குழுவில் அனைவரும் ஒப்புக்கொண்டு, வீட்டாரிடமும் சொல்லி வர வேண்டும்.

ஜப்பான் தரும் ஒப்பீடு

பருவத்தை வைத்து மலைப்பயணத்தை வகுக்கும் பழக்கம் ஜப்பானில் ஆழமாக வேரூன்றியுள்ளது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரம் பெற்று, நடுவிலுள்ள மலைத்தொடரில் மோதி, நீகாத்தா, தொயாமா, வடக்கு நாகானோ பகுதிகளில் பல மீட்டர் உயரத்துக்கு வெண்பனியாகப் பொழிகிறது. இப்பகுதி 'யுகிகுனி', அதாவது பனிநாடு எனப்படுகிறது. மலைக்கு அப்பால் உள்ள தோக்கியோவில் அதே நாள்களில் வறண்ட வானமும் வெயிலும் இருக்கும். பெய்வது மழையா பனியா என்பது தவிர, இடுக்கிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் உள்ள உறவு இதுவேதான்.

தொயாமாவின் தாத்தேயாமா மலைவழி டிசம்பர் முதல் ஏப்ரல் நடு வரை மூடப்படுகிறது. ஃபூஜி மலையில் ஏறும் காலம் சூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரை மட்டுமே. இவ்வளவு ஒழுங்கு இருந்தும், 2017 மார்ச் 27 அன்று தொச்சிகி மாநிலத்தின் நாசு என்ற இடத்தில் மலையேற்றப் பயிற்சிக்குச் சென்ற ஏழு உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் ஓர் ஆசிரியரும் பனிச்சரிவில் புதைந்து இறந்தனர். அன்று அப்பகுதிக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. குளிர்காலம் முடிந்துவிட்டதாகத் தோன்றும் மார்ச் இறுதியில், பழைய பனியின்மேல் புதிய பனி கனமாகப் படிந்திருந்தது. குரங்கணித் தீ நிகழ்ந்தது அதற்கு ஓராண்டுக்குள்ளாகவே. ஒன்று பனியாலும் மற்றொன்று தீயாலும் நேர்ந்தது. இரண்டிலும் சென்றவர்கள் பெரும்பாலும் இளையோர். இரண்டிலும் மலை அந்தக் காலத்துக்கு உரிய இயல்பிலேயே இருந்தது.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

பள்ளி, கல்லூரிக் குழுக்களை அழைத்துச் செல்வோர் பின்வரும் கேள்விகளுக்கு விடை பெற்ற பின்னரே நாளைக் குறிக்க வேண்டும்.

- செல்லும் மாதத்தில் அம்மலையின் முதன்மை ஆபத்து எது: தீயா, மின்னலா, காற்றா, வெள்ளமா, மண்சரிவா?
- பாதை அந்நாளில் திறந்துள்ளதா? எழுத்துவழி அனுமதி கையில் உள்ளதா? அனுமதியில் உள்ள பாதையும் செல்லும் பாதையும் ஒன்றா?
- தேனி, இடுக்கி இரண்டுக்கும் முந்தைய நாள் மாலையும் புறப்படும் காலையும் முன்னறிவிப்பு பார்க்கப்பட்டதா?
- உள்ளூர் வழிகாட்டி உடன் வருகிறாரா? அவர் வேண்டாம் என்றால் திரும்புவதற்குக் குழு ஆயத்தமா?
- திரும்பும் மணி எது? அது யாரிடம் சொல்லப்பட்டுள்ளது?
- கைப்பேசித் தொடர்பு இல்லாத இடங்கள் எவை? அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108 ஆகிய எண்கள் அனைவருக்கும் தெரியுமா?
- மழையாடை, கம்பளியாடை, போதிய குடிநீர், கைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள் ஒவ்வொருவரிடமும் உள்ளனவா?

இவற்றுள் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் பயணத்தை ஒத்திவைப்பதில் இழப்பு இல்லை. கட்டிய முன்பணமும் எடுத்த விடுப்பும் வீணாகிவிடுமே என்ற எண்ணமே பல குழுக்களை மலையில் மேலும் ஒரு வளைவு நடக்க வைக்கிறது. பங்குனியில் மூடப்பட்ட பாதை தையில் மீண்டும் திறந்திருக்கும்.

உத்தமபாளையத்திலிருந்து பார்த்தால் மேகமலை வீட்டுக் கொல்லையில் நிற்பது போலத் தெரியும். மலையடிவார மக்கள் அதன்மேல் முகில் இறங்குவதையும், புல் நிறம் மாறுவதையும், இரவில் தீக்கோடு தெரிவதையும் கவனித்தே தங்கள் வேலைகளை வகுத்துக்கொள்கின்றனர். வெளியூரிலிருந்து வருவோர் கடைவீதியில் தேநீர் அருந்தும்போது அவர்களிடம், இப்போது மேலே போகலாமா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பெரும்பாலும் சரியான விடை அங்கேயே கிடைத்துவிடும்.